எருமையும் தீப்பெட்டியும்

ஹரி,

உன் மெசேஜைப் பார்த்தேன். மூன்றே வரி. "அம்மா, கல்யாணத்தன்னிக்கு அந்த எருமையைத் தூக்கிண்டு வராதே. நீ மாப்பிள்ளையோட அம்மா. ப்ளீஸ்." கடைசியில் கை கூப்புகிற பொம்மை ஒன்று. பெற்ற தாயிடம் பொம்மையை விட்டுக் கும்பிட வைக்கிற தலைமுறை. எருமை என்று நீ சொல்வது என் கேமராவை. தீப்பெட்டி என்று நான் சொல்வது உன் கேமராவை. மூன்று வருஷமாக இந்த இரண்டு பெயர்கள்தான் வீட்டில் புழங்குகின்றன. கம்பெனிக்காரன் வைத்த பெயர்கள் உன் அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. உனக்குச் "சரி" என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். போடவில்லை. இதை நீ மட்டும் படிக்கவும் நான் எழுதவில்லை. எழுதி முடித்ததும் எங்கள் போட்டோகிராபர் சங்கத்து குரூப்பிலும் போடப்போகிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

அந்த எருமையை நான் ஏன் இத்தனை காலம் கட்டிக்கொண்டு அழுதேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்காததால் சொல்கிறேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்தது கலையார்வத்தால் அல்ல. மலையாள தேசத்தில் இருந்தாலும், நம் ஸ்ரீவராகம் தெருக்களில் கல்யாணம், சீமந்தம் என்றால் பெண்ணை அலங்காரம் பண்ணுகிற அறைக்குள் ஆம்பிளை போட்டோகிராபரை விடமாட்டார்கள். "மாமி, நீங்க ஒரு நாலு படம் எடுத்துக் குடுங்கோளேன்" என்று கூப்பிட்டார்கள். நாலு நாற்பதாச்சு, நாற்பது நானூறாச்சு, என் பெயரில் ஒரு ஸ்டூடியோவும் ஆச்சு. பொம்மனாட்டிக்கு இது எதற்கு என்று உன் அப்பா கேட்கவில்லை. அந்த ஒன்றைத்தான் அவர் எனக்குச் செய்த பெரிய உதவி என்று இன்றைக்கும் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்போது என்னிடம் இருந்தது ஒரு சின்னக் கேமரா. ஒரு பெரிய மண்டபத்தில் முகூர்த்த நேரம், தாலி கையில் எடுத்தாச்சு, நான் கேமராவைக் கண்ணில் வைத்திருக்கிறேன். வீடியோக்காரன் ஒருத்தன் முழங்கையால் என்னை ஒதுக்கினான். "சேச்சி, மாறி நில்லு. கெஸ்டினொக்கெ பின்னெ எடுக்காம்" என்றான். விருந்தாளிகள் அப்புறம் எடுத்துக்கொள்ளலாமாம். நான் விருந்தாளி இல்லை, இந்த வேலைக்கு வந்தவள் என்று சொல்வதற்குள் மூன்றாவது முடிச்சும் விழுந்துவிட்டது. அந்தக் கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டுகிற படமே இல்லை. பெண்ணின் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் உனக்குச் சொல்லப்போவதில்லை.

அடுத்த மாசமே, ரிட்டயர் ஆகப்போகிற ஒரு பத்திரிகை போட்டோகிராபரிடமிருந்து அந்த எருமையை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். புரொபஷனல் டி.எஸ்.எல்.ஆர். என்று அவர் ஏதோ பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி கண்கலங்கிக் கொடுத்தார். பாடியும் பெரிய லென்சுமாகச் சேர்த்தால் மூன்று கிலோவுக்குக் குறையாது. அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த கல்யாணத்துக்குப் போனேன். கூட்டம் தானாக விலகியது, ஹரி. அதே மண்டபம், அதே வீடியோக்காரன். "சேச்சி, இவிடெ நின்னோ" என்று எனக்கு இடம் விட்டான். அன்றைக்கு இந்த ஊர்மேல் எனக்கு வந்த இளக்காரம் இன்றுவரை போகவில்லை. என் கண்ணை ஒருத்தனும் மதிக்கவில்லை. நான் தூக்கிவந்த கனத்தை மதித்தார்கள். சரி, கனம்தானே வேண்டும், தூக்குகிறேன் என்று தூக்கினேன். வலது தோள் போனது, கழுத்து போனது. தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன், விடிந்ததும் மறுபடி தூக்கினேன். ஒரு நாள் முழுக்க எடுத்தாலும் பாட்டரி தீராது. மழையில் நனைந்தாலும் முனகாது. அதன் பொத்தான்கள் இருட்டில்கூட என் விரலுக்குத் தெரியும். அதனோடு எனக்குச் சண்டை வந்ததே இல்லை. மனுஷர்களோடு அப்படி எனக்கு வாய்த்ததில்லை.

பிறகு நீ வந்தாய், ஐ.டி. சம்பளத்தில் வாங்கிய தீப்பெட்டியோடு. மிரர்லெஸ் அம்மா, உள்ளே கண்ணாடியே கிடையாது, அதனால்தான் இவ்வளவு சின்னது என்று கண்காட்சியில் பொருள் விற்கிறவன் மாதிரி விளக்கினாய். வாங்கிப் பார்த்தேன். ஜன்னல் மாதிரி வெளியே பார்க்கிற இடத்தில் ஒரு குட்டி டி.வி. உலகத்தை நேரே பார்க்காமல் டி.வி.யில் பார்த்து எடுக்கிற ஒருத்தனை நான் எப்படி போட்டோகிராபர் என்று சொல்வது? என் சுண்டுவிரல் பிடிக்க இடமில்லாமல் அந்தரத்தில் நின்றது. மெனுவைத் திறந்தால் ரயில்வே கால அட்டவணை. பை நிறைய பாட்டரி, அரை நாளுக்கு ஒன்று காலி. சத்தமே வராமல் எடுக்கலாம் என்று பீற்றிக்கொண்டாய், மண்டபத்து எல்.ஈ.டி. விளக்கில் அப்படி எடுத்த படமெல்லாம் வரிக்குதிரை மாதிரிக் கோடு கோடாய் வந்ததை நான் நாலு பேரிடம் காட்டிச் சிரித்தேன். ஆனால் எனக்கு உண்மையில் எரிச்சல் வந்தது கேமராவால் அல்ல. லீவு நாட்களில் என் கூட வேலைக்கு வர ஆரம்பித்தாயே, அந்தத் தீப்பெட்டியோடு உன்னை ஒருத்தனும் தள்ளவில்லை. ஆறடி உயரம், தாடி, தோளில் ஒரு பை. "சேட்டா, லைட் மதியோ?" என்று உன்னிடம் கேட்டார்கள். அண்ணனுக்கு வெளிச்சம் போதுமா என்று கவலை. இத்தனை வருஷம் தோளை ஒடித்து நான் சம்பாதித்ததை நீ தாடி வளர்த்தே வாங்கிவிட்டாய். உன் கையில் நிஜமான தீப்பெட்டி இருந்திருந்தாலும் உன்னை போட்டோகிராபர் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பொன்முடிக்குப் போன ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? எது ஒசத்தி என்று இன்றைக்குப் பார்த்துவிடுவோம் என்று நான்தான் வம்படியாகக் கிளப்பினேன். கொண்டை ஊசி வளைவுகளில் உன் அப்பா மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தார். மேலே பனி மூடியிருந்தது. தேயிலைச் சரிவு, தோட்டத் தொழிலாளிகளின் லயத்து வீடுகள், கொடியில் காயப்போட்ட துணி. ஒரே இடத்தில் நின்று ஒரே காட்சியை இரண்டு பேரும் எடுத்தோம். மத்தியானம் உன் கடைசி பாட்டரியும் போனது. உன்னைவிட நான்தான் சந்தோஷப்பட்டேன். கல்லாறில் இறங்கி டீ குடிக்கும்போது, "எருமை இன்னும் ரெண்டு நாள் ஓடும்" என்று கடைக்காரரிடம்கூடச் சொன்னேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாய். ஒன்றில் பனிக்குள் அந்தத் துணிகளின் நிறம் மங்காமல் நின்றது. லயத்து வாசலில் நின்ற பெண்மணியின் கண்வரை தெளிவு. "பாத்துக்கோ, இதுதான் என்னோடது. ஆழம்னா இது. உன்னோடது தட்டையா இருக்கு" என்றேன். நீ ஒரு நொடி என்னைப் பார்த்தாய். "ஆமாம்மா" என்றாய். ஒரு வாரம் கழித்து பைல் நம்பரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஆழம் உன்னுடையது, தட்டை என்னுடையது என்று. நான் உன்னிடம் வந்து சொன்னேனா? சொல்லவில்லை. அந்த போல்டரையே அழித்துவிட்டேன். நம் கம்ப்யூட்டரில் பொன்முடிப் படங்கள் ஏன் இல்லை என்று நீயும் கேட்கவில்லை.

இப்போது வைதேகி கல்யாணத்துக்கு வருகிறேன். பக்கத்துத் தெருப் பெண், சின்ன வயசிலிருந்து என்னை மாமி மாமி என்று சுற்றிவந்தவள். அவள் அப்பாவுக்கு முந்தின வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆபீசில் அத்தனை பேரையும் அதட்டி வேலை வாங்கிய மனுஷர். தள்ளுநாற்காலியில் ஓரமாக உட்காரவைத்திருந்தார்கள். நம் வழக்கத்தில் அப்பா மடியில் பெண் உட்கார்ந்துதானே தாலி ஏறும்? அவரால் மணையில் உட்கார முடியாது, சித்தப்பா உட்காரட்டும் என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். அவரிடம் யாரும் கேட்கவில்லை. வாய் பேசாதவருக்குக் காதும் இல்லை என்று நினைக்கிற ஜனங்கள் நாம். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைதேகி அலங்கார அறைக்குள் அவர் நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு போனாள். அலங்காரம் முடிந்திருந்ததால், என் பிள்ளை என்று உன்னையும் உள்ளே விட்டிருந்தார்கள். நாம் இருவரும் அந்த அறையில்தான் இருந்தோம், நான் கதவுப் பக்கம், நீ பீரோ மூலையில். ஜன்னல் வெளிச்சம் தவிர வேறு விளக்கில்லை. அவள் கூறைப் புடவையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, பாரம் முழுசும் கொடுக்காமல், அவர் மடியில் உட்கார்ந்தாள். "இப்போ உக்காந்துட்டேன்ப்பா. இனிமே அங்க யார் மடியில உக்காந்தா என்ன" என்றாள். அவருடைய இடது கை மெல்ல மேலே வந்தது. அவள் தலையில் பூ நழுவியிருந்தது. ஒற்றைக் கையால் அதைச் சரிசெய்யப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி பார்த்தார். அவர் முகம் உடைந்தது.

நான் எருமையைத் தூக்கினேன். அமுக்கினேன். அந்தச் சின்ன அறையில் அதன் கண்ணாடி எழுந்து விழுந்த சத்தம் கதவை அறைந்த மாதிரிக் கேட்டது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது, அழுத முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கை கீழே விழுந்தது. வைதேகி எழுந்துவிட்டாள். என்னை அவள் திட்டவில்லை. "மாமி, ப்ளீஸ்" என்று மட்டும் சொன்னாள். இத்தனை வருஷம் பெண்களின் அறைக்குள் போக எனக்கு மட்டும் இருந்த உரிமையை நானே கெடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் படத்தில் ஒரு சுவரும், ஒரு காதும், ஆடிப்போன ஒரு வளையலும் இருந்தன.

அன்று சாயங்காலம் உன் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டபோது அது வந்தது. நான் அமுக்குவதற்கு முன்னாலேயே நீ எடுத்திருக்கிறாய். இடுப்பளவில் கேமராவைப் பிடித்து, பின்பக்கத் திரையைச் சாய்த்துக் குனிந்து பார்த்து, சத்தமே இல்லாமல் மூன்று படம். ஜன்னல் வெளிச்சம் என்பதால் வரிக்குதிரைக் கோடும் இல்லை. என் எருமையாக இருந்தால் அந்த இருட்டுக்குப் புள்ளி புள்ளியாகப் பொரிந்திருக்கும். உன் படத்தில் அவர் கண்ணீர் மேல்கன்னத்தில் நிற்கிறது. விரல் நுனியில் ஒரு மல்லிகை. நடுப் படம் அது. நான் அதைத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன். நீ பின்னால் வந்து நின்று, "இத ஆல்பத்துல போடறதுக்கு முன்னால வைதேகிட்ட கேட்டுக்கறேன்" என்றாய். "கஸ்டமர்ட்ட போய் எவனாவது கேப்பானா? இதான் உங்க தலைமுறை, சொந்தமா ஒரு முடிவு கிடையாது" என்று விழுந்தேன். அந்த அறையில் அமுக்குவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியவள் நான்தான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவ்வளவு சத்தம்.

நாலு மாசத்தில் அவர் போய்விட்டார். வைதேகி அந்தப் படத்தைப் பெரிசாக பிரேம் போட்டுக் கேட்டாள். நம் ஸ்டூடியோ அட்டையில், கீழே என் பெயர் அச்சடித்ததில் ஒட்டிக் கொடுத்தேன். ஸ்டூடியோ வேலைதானே, ஸ்டூடியோ பெயர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு சங்கத்துக் கண்காட்சி வந்தது. வைதேகி வீட்டில் அதைப் பார்த்திருந்த செயலாளர் போன் பண்ணி, "சேச்சி, அந்தப் படம் அடிபொளி, அத அனுப்பணும்" என்றார். பிரமாதமாம். அனுப்பினேன். எடுத்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். இதற்கு ஸ்டூடியோ சமாதானம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நான் என்ன பேசினேன் என்பதைச் சங்கத்தார் அத்தனை பேரும் படிக்கட்டும் என்றே இங்கே எழுதுகிறேன். "இப்போ ஆளாளுக்குத் தீப்பெட்டியைக் கழுத்துல மாட்டிண்டு போட்டோகிராபர்ங்கறா. கனமான கேமராவைத் தூக்கற தெம்பு இருக்கறவாளுக்குத்தான் இப்படி ஒரு படம் அமையும்." கூட்டம் சிரித்துக் கைதட்டியது. நீ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். நீயும் கைதட்டினாய். வீட்டுக்கு வரும் வழியில் நான் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து, நீ ஏதாவது சொல்வாய், நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம் என்று காத்திருந்தேன். "பசிக்கறதாம்மா?" என்று கேட்டாய்.

அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். உன் மெசேஜ் வந்ததும் எனக்கு வந்த கோபத்தில், எருமை எனக்கு எடுத்துக்கொடுத்த நல்ல படங்களில் பத்தைப் பொறுக்கி உனக்கு அனுப்புவோம், பார்த்து வெட்கப்படட்டும் என்று உட்கார்ந்தேன். முதலில் எதைப் பொறுக்கினேன் தெரியுமா? அதைத்தான். வைதேகி அப்பா படத்தைத்தான். "இது நீ சொல்ற எருமை எடுத்தது" என்று டைப் அடித்து, அனுப்புகிற பொத்தான்மேல் விரலை வைத்துவிட்டேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லை, ஹரி. நிஜமாகவே நான் எடுத்ததாகத்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த அறையில் என் விரல் அமுக்கியது, அவர் கை பூவைத் தொட்டது, இரண்டும் என் மண்டைக்குள் ஒட்டிப்போயிருந்தன. பிறகு அந்தச் சத்தம் ஞாபகம் வந்தது. விரலை எடுத்தேன். திருடனைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு கேவலமான அபிப்பிராயம் உண்டு. திருடியதே மறந்துபோன திருடியைப் பற்றி என்ன நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் வைதேகி வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தாள். "வைதேகி, அந்தப் படம் நான் எடுத்ததில்ல. ஹரி எடுத்தது" என்றேன். அவள் தன் காபியை ஆற்றிக்கொண்டே, "தெரியும் மாமி" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"கல்யாணத்துக்கு மறுநாளே வந்து, கேமராத் திரையில என்கிட்ட மட்டும் காட்டினான். வேண்டாம்னா இப்பவே அழிச்சுடறேன்னான். நான்தான் அழிக்காதேன்னேன்."

"கண்காட்சியில என் பேரைப் போட்டுண்டேனே, நீ ஏன் கேக்கல?"

"நான் அவன்கிட்டக் கேட்டேன். அம்மா பேர்லயே இருக்கட்டும், விடுன்னான்."

விடு! எவ்வளவு பெரிய மனசு! இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும் என்று நீ எதிர்பார்ப்பாய். எனக்கு வந்தது ஆத்திரம். எனக்குப் பிச்சை போட்டிருக்கிறாய். பொன்முடியில் ஒரு தடவை, கண்காட்சியில் ஒரு தடவை. நான் தப்புப் பண்ணும்போதெல்லாம் நீ நல்லவனாகி ஓரமாக நின்று பார்த்திருக்கிறாய். அந்த நல்லவன் வேஷத்தைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. "அம்மா, அது என் படம்" என்று ஒரு தடவை கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்போம், மூன்றாம் நாள் நான் உண்மையை ஒத்துக்கொண்டிருப்பேன். ஒத்துக்கொள்ள எனக்கு வாய்ப்பே கொடுக்காமல் மன்னித்துவிட்டாய். சத்தமில்லாமல் படம் எடு, வேண்டாமென்று சொல்லவில்லை. வரப்போகிறவளோடு சத்தமில்லாமல் குடித்தனம் பண்ணாதே. அவள் தப்பு செய்தால் முகத்துக்கு நேரே சொல். அவள் உன் தப்பைச் சொன்னால் "ஆமாம்மா" மாதிரி ஒரு "ஆமாம்" போட்டு நழுவாதே. மூன்று வருஷம் பொறுத்துவிட்டு, கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது மூன்று வரியில் எருமை என்று எழுதிக் கை கூப்புகிற புருஷன் எந்தப் பெண்ணுக்கும் வேண்டாம்.

எனக்கு உன் தீப்பெட்டி இன்னும் பிடிக்கவில்லை. பிடித்ததாக நடிக்கப்போவதும் இல்லை. அந்தக் குட்டி டி.வி.யைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. ஆனால் அந்த அறைக்கு அதுதான் சரியான கேமரா. நீதான் சரியான ஆள். என் மூன்று கிலோ, ஊரார் முழங்கையை விலக்குவதற்காக வாங்கியது. அழுகிறவர் முன்னால் அதைத் தூக்கியிருக்கக் கூடாது. உன் கல்யாணத்துக்கு அதைக் கொண்டுவரமாட்டேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வெறும் கையோடு, மாப்பிள்ளையின் அம்மாவாக உட்கார்ந்திருப்பேன். உன் போட்டோகிராபர் எங்கே நின்று எடுக்கிறான் என்று பார்க்கமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது.

சங்கத்துச் செயலாளரிடம் போனில் சொல்லிவிட்டேன். "போட்டே சேச்சி, ஆரும் அறியண்ட" என்றார். யாருக்கும் தெரிய வேண்டாமாம். தெரிய வேண்டும் என்றேன். பொன்னாடையைத் திருப்பிக் கொடுத்து, மைக்கில் பேசினதை மைக்கிலேயே மாற்றிப் பேசுகிறேன் என்று கேட்டிருக்கிறேன். நேரம் ஒதுக்குவார்களோ இல்லையோ, இந்தக் கடிதம் குரூப்பில் இருக்கும்.

வைதேகி வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்னால், சுவரிலிருந்து அந்தப் படத்தை இறக்கித் தரச் சொன்னேன். பின்னால் உன் பெயரை எழுதிவிட்டுப் போகிறேன் என்றேன். "பின்னால எதுக்கு மாமி? முன்னால எழுதுங்கோ" என்று அவளே கத்தியால் பிரேமின் ஆணிகளை நெம்பி, கண்ணாடியை எடுத்து வைத்தாள். அச்சடித்திருந்த என் பெயரைப் பிளேடால் சுரண்டினேன். அட்டை கொஞ்சம் பிய்ந்துதான் போனது. அந்த இடத்துக்குக் கீழே பேனாவால் எழுதினேன். ஹரிஹரன் என்று முழுசாக. உன் பெயரை என் கையால் கடைசியாக எழுதியது உன் பத்தாம் கிளாஸ் நோட்டு அட்டைகளில். கை பழக்கம் விட்டுப்போய்விட்டது, ரகரத்தில் மை கொஞ்சம் தீற்றிவிட்டது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வைதேகி வீட்டுக்குப் போவாய் அல்லவா, அப்போது பார்.

அம்மா